பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் 22: ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்ததில்

மெஷின் விவரம் முதலில். 2012-ல் வந்த இன்டெல் ஐ5-3470, எச்61 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. இதில் 2024 ஜூலையில் வெளியான லினக்ஸ் மின்ட் 22-ன் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம், அதாவது ஓஎஸ்) எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தினமும் ஓடுகிறது.

விண்டோஸ் 11 ஏன் போடவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் கேட்கிறது, என்னுடையது மூன்றாம் தலைமுறை. ரூஃபஸ் என்ற பூட் யுஎஸ்பி செய்யும் டூல் கொண்டு அந்தச் சோதனையைத் தாண்டிவிடலாம்தான். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு கண்டிப்பாகக் கேட்கும் எஸ்எஸ்இ4.2 என்ற பிராசசர் கட்டளைகளும் இந்த பிராசசரில் உண்டு. (இன்னும் பழைய கோர் 2 டுவோ பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு அந்த வழியும் இல்லை.) ஆனால் தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் வந்துகொண்டே இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. தினசரி வேலைக்கான மெஷினில் இந்த இழுபறி எனக்கு ஒத்துவராது.

சரி, வேகம் எப்படி? ஆரம்பத்தில் பழைய ஹார்டு டிஸ்க்கிலேயேதான் ஓட்டினேன். டெஸ்க்டாப் வந்துவிடும்; ஃபயர்ஃபாக்ஸைத் திறந்தால் டிஸ்க் விளக்கு விடாமல் எரியும், மவுஸ் நகரும், வேறெதுவும் நகராது. அப்புறம் சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் டிஸ்க்) மாட்டியதும் அந்தக் காத்திருப்பு போயே போச்சு. எச்61 போர்டில் இருப்பது நொடிக்கு 3 கிகாபிட் சாட்டா (டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் வழி) மட்டுமே, அதனால் எஸ்எஸ்டி பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் பாதிதான் கிடைக்கும். "பழைய போர்டுக்கு எஸ்எஸ்டி வேஸ்ட்" என்று சிலர் சொல்வது இதை வைத்துத்தான். அதை நம்ப வேண்டாம். புரோகிராம் திறக்கும்போது படிக்கப்படுவது அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்கள். ஒவ்வொன்றுக்கும் ஹார்டு டிஸ்க்கின் முனை இடம் மாறப் பல மில்லிநொடிகள் எடுக்கும். எஸ்எஸ்டியில் அந்த நகர்தலே இல்லை. ஓஎஸ் மாற்றியதை விட எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான்.

இன்னொரு பெரிய தலைவலி வீடியோ. யூடியூபில் 1080பி வைத்தால் நான்கு கோரும் உச்சத்துக்குப் போய் ஃபேன் அலற ஆரம்பிக்கும். காரணம் மின்ட் இல்லை. இந்த பிராசசரோடு வரும் கிராஃபிக்ஸ் சிப்புக்கு எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவைத் தானே விரிக்கத் தெரியும். விபி9, ஏவி1 என்ற புதிய முறைகள் இரண்டும் தெரியாது. யூடியூப் முதலில் நீட்டுவதோ அந்த இரண்டைத்தான். அப்போது மொத்தச் சுமையும் பிராசசர் தலையில் விழுகிறது. எச்.264-ஐ மட்டும் கேட்டு வாங்கும் பிரவுசர் நீட்சி ஒன்றைச் சேர்த்தேன். கூடவே அந்த சிப்பை வீடியோவுக்குப் பயன்படுத்தும் ஐ965 விஏ டிரைவர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இன்டெல்லின் புதிய மீடியா டிரைவர் ஐந்தாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. இரண்டும் சரியானதும் பிராசசர் சுமையைக் காட்டும் எச்டாப்பில் கோர்கள் அடங்கின, ஃபேனும் அடங்கியது. 1080பி-க்கு மேல் யூடியூபில் எச்.264 கிடைக்காது என்பதால் 4கே ஆசை வேண்டாம்.

ரேம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிஸ்டம் தனக்கென்று எடுப்பது சுமார் ஒரு ஜிபி; மீதியை பிரவுசர் தின்கிறது. ரேமில் இருப்பதைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம் போட்டால் டேப்கள் கூடும்போது திணறல் குறைகிறது.

ஓஎஸ் மேல் பழி விழும் இன்னொரு விஷயம்: மெயின் ஸ்விட்சை அணைத்துப் போட்டால் மறுமுறை தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும், உடனே பிரவுசர் எந்தத் தளத்தின் சான்றிதழையும் ஏற்காது. நெட் சரியில்லை, அப்டேட் கெடுத்துவிட்டது என்று அலைய வேண்டாம். மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும், மாற்றினால் போதும்.

குறைகள் உண்டு. வீடியோ மீட்டிங்கில் பின்னணியை மங்கலாக்கினால் குரல் விட்டுவிட்டு வருகிறது. நான் அணைத்தே வைத்திருக்கிறேன். வீடியோ எடிட்டிங் வேண்டவே வேண்டாம். வேர்டில் செய்த சிக்கலான அட்டவணைகள் மின்டில் வேர்டுக்குப் பதிலாக வரும் லிப்ரெஆஃபிஸில் சில நேரம் கலைந்துவிடுகின்றன, இது பழைய கணினியின் குற்றமில்லை என்றாலும் மாறுகிறவர் தெரிந்திருக்க வேண்டும்.

எத்தனை நாளைக்கு? மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட்கள் உண்டு. அதற்குப் பிறகு உறுதியில்லை: நிறுவனங்களுக்கான ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 ஏற்கெனவே ஏவிஎக்ஸ்2 என்ற பிராசசர் கட்டளைகளைக் கேட்கிறது, அவை இன்டெல்லின் நான்காம் தலைமுறையில்தான் வந்தன. மற்றவர்களும் அந்தப் பக்கம் போனால் இந்த மெஷின் வெளியே நிற்கும். அதுவரை இதற்குச் செலவு செய்வதென்றால் இன்னொரு 8 ஜிபி ரேம் மட்டும்தான். எச்61 தாங்குவதே 16 ஜிபி.