மன்னையா, செம்மொழியா, எர்ணாகுளமா? குட்டிகளோடு முதல் தீம் பார்க் பயணம்

எங்கள் சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடு இரண்டு இருக்கிறது. மேலே இருப்பது மகள்: ஏழு வயது, 118 செ.மீ. கீழே இருப்பது மகன்: மூன்றரை வயது, 96 செ.மீ. தையல் டேப்பால் அளக்கும்போது சின்னவன் குதிகாலைத் தூக்கிக்கொண்டே நின்றான். தலையில் ஸ்கேலை வைத்து அமுக்கிய பிறகுதான் கால் தரைக்கு வந்தது.

இந்த இரண்டு எண்களை எழுதி வைத்துக்கொண்டுதான் எந்தப் பார்க்குக்குப் போவது என்று பேசவே உட்கார்ந்தோம். காரணம் உண்டு. போன மே மாதம் சொந்தக்காரர்களோடு வேன் பிடித்து ஒரு வாட்டர் பார்க்குக்குப் போனோம். பேர் வேண்டாம். மகள் ஒரு சறுக்குக்காக முக்கால் மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்றாள். மேலே ஏறியதும் அங்கிருந்த தம்பி கம்பை வைத்து அளந்துவிட்டு, "பாப்பா, அடுத்த வருஷம் வா" என்றார். திரும்பி வந்த வழி முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை. அந்தத் தம்பி மேல் தப்பில்லை. அளக்காமல் கூட்டிப்போன எங்கள் மேல்தான். அதைக் கணக்கில் சேர்க்காமல் இதையே முதல் பயணம் என்று வைத்துக்கொள்கிறோம்.

எங்களுக்கு ஊர் நீடாமங்கலம். தஞ்சாவூர்–நாகை சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் எங்கள் ரயில்வே கேட்டைத் திட்டாமல் போனதில்லை. ஆனால் அந்த கேட்டை அடைக்க வைக்கிற ரயில்கள்தான் இந்த விஷயத்தில் எங்களுக்கு வரம். சென்னைக்கு மன்னை எக்ஸ்பிரஸ், கோயம்புத்தூருக்குச் செம்மொழி எக்ஸ்பிரஸ், கொச்சிக்குக் காரைக்கால்–எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ். மூன்றும் ராத்திரி ஓடுகிற வண்டிகள். மூன்றுமே ஏதாவது ஒரு பார்க்கின் பக்கத்தில் கொண்டுபோய் விடும். நாலாவதாக ஒன்று உண்டு: திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம். டெல்டாவில் சிங்கப்பூரில் ஆளில்லாத தெரு ஏது? இவருடைய சின்ன மாமாவும் அங்கேதான் இருக்கிறார்; "பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வா" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் போடுகிறார்.

எங்கே போவதானாலும் முதலில் ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடுவது நல்லது. அதற்குப் பெரிய செலவில்லை, பக்கத்து ஊர்த் திருவிழா ராட்டினமே போதும். நாங்கள் பொருட்காட்சியில் பார்த்தோம். மகள் கொலம்பஸில் இரண்டு தடவை ஏறினாள். மகன் அது ஆடுவதைக் கீழே நின்று பார்த்தே அழுதான். ஆனால் தண்ணீர்த் தொட்டியில் சுற்றுகிற சின்னப் படகை விட்டு இறங்க மறுத்து, மூன்று டிக்கெட் தீர்ந்தது. ஆக, ஒருத்திக்கு வேகம் வேண்டும். ஒருவனுக்குத் தண்ணீரும் மெதுவாகச் சுற்றுவதும் போதும். எந்த விளம்பரமும் சொல்லாத தகவல் இது, செலவு இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. டெல்லி அப்பளம் தனிக் கணக்கு.

சென்னை: ஒரே ஊர், இரண்டு குணம்

திருப்போரூர் பக்கம் வொண்டர்லா 2025 டிசம்பரில் திறந்தது. அங்கிருக்கிற பெரிய ரோலர் கோஸ்டருக்குப் பேர் தஞ்சோரா. தண்டவாளத்துக்கு அடியில் பெட்டி தொங்கும், கால் அந்தரத்தில் ஆடும். எங்கள் ஊர்ப் பேரை வைத்துவிட்டு எங்கள் பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள், அவ்வளவுதான். திறந்தபோது பெரியவர் டிக்கெட் 1,500 ரூபாயை ஒட்டி இருந்தது. வொண்டர்லா பார்க்குகளில் வயதைக் கேட்பதில்லை, உயரத்தைத்தான் கேட்கிறார்கள்: 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர். எனவே எங்கள் 96 செ.மீ. ஆளுக்கும் காசு உண்டு. காசு கொடுத்தும் அவன் பாதிக்கு மேல் வேடிக்கைதான் பார்ப்பான்.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து வடக்கே போனால் ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிச் சுற்றுலா என்றால் இதுதான். வாசலில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க வகுப்பே முயன்று தோற்றது. தவணைக்கு ரேடியோவும் கடிகாரமும் விற்றுப் பேர் வாங்கிய பன்னீர்தாஸ் குடும்பத்துப் பார்க். இளவட்டங்கள் இதைப் பழசு என்பார்கள். மூன்றரை வயதுக்குப் பழசு ஏது? பக்கத்திலேயே 2019-இல் திறந்த மீன் காட்சியகம் இருக்கிறது. அதற்குத் தனி டிக்கெட். கண்ணாடிச் சுரங்கத்துக்குள் நடக்க, தலைக்கு மேல் திருக்கையும் சுறாவும் போகும். உயரம் கேட்காத, அழுகை வராத, ஏசி போட்ட இடம். சின்னவன் அளவில் சென்னை என்றால் எனக்கு இதுதான்.

ரயில்தான் இடிக்கிறது. மன்னை எக்ஸ்பிரஸ் செங்கல்பட்டில் நிற்கும், அங்கிருந்து திருப்போரூர் பக்கம்தான். ஆனால் விடியுமுன்பே கொண்டுவந்து இறக்கிவிடும். பார்க் திறப்பதோ காலை நன்றாக ஏறிய பிறகு. தூக்கம் கலைந்த இரண்டு பிள்ளைகளோடு பிளாட்பாரத்தில் அத்தனை நேரம் என்ன செய்வது? தாம்பரத்தில் தங்கச்சி வீடு இருப்பவர்களுக்குத்தான் சென்னைக் கணக்கு சரியாக வரும். எனக்கு இருக்கிறது. ஆனால் அவள் வீட்டுக்குப் போனால் இரண்டு நாள் பயணம் நாலு நாள் ஆகும், அது வேறு கதை.

மேட்டுப்பாளையம்: பார்க்கைவிட ரயில்

செம்மொழி எக்ஸ்பிரஸ் விடிவதற்குள் கோவை சேரும். மேட்டுப்பாளையத்தில் ஊட்டி சாலையில், நீலகிரி அடிவாரத்தில் பிளாக் தண்டர். பெரும்பாலும் தண்ணீர் விளையாட்டு. மலை பின்னால் எழுந்து நிற்கிற மாதிரியான காட்சி மற்ற பார்க் எதற்கும் கிடையாது. ஆனால் என்னைக் கேட்டால், ரயில் பைத்தியமான பிள்ளை இருக்கிற வீடு அங்கே போக வேண்டியது மலை ரயிலுக்காக. பல்சக்கரம் பிடித்து மலையேறுகிற வண்டி, 46 கி.மீ., 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. காலை ஏழு மணியை ஒட்டி மேட்டுப்பாளையத்தில் கிளம்பும். முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும், விடுமுறைக்கென்றால் முன்பதிவு திறந்த உடனேயே போட வேண்டும். நாங்கள் பார்த்தபோது ஒரு இடம்கூட இல்லை. அதோடு இந்தப் பக்கத்தை மூடினோம்.

கொச்சி: பழைய பார்க், நல்ல வண்டி

வீட்டில் ஸ்டெபிலைசர் வைத்திருக்கிற எல்லோருக்கும் வி-கார்ட் தெரியும். அதை ஆரம்பித்த கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளிதான் 2000-இல் கொச்சி பள்ளிக்கரையில் வீகாலேண்ட் என்று ஒரு பார்க்கைத் திறந்தார். அதுதான் இன்று கொச்சி வொண்டர்லா. சென்னைக்கும் இதற்கும் ஒரே முதலாளி, ஒரே உயர விதி. பிறகு எதற்கு மாநிலம் தாண்டிப் போக வேண்டும் என்று இவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

என் பதில் இரண்டு. ஒன்று, வண்டி. காரைக்காலில் கிளம்பி நாகை, திருவாரூர் வழியாகச் சாயங்காலம் எங்கள் ஊருக்கு வருகிறது. ஏறி, கட்டிவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டு, கரூர் வருவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். கண் விழித்தால் வெளியே தென்னையும் ஓட்டு வீடும். எர்ணாகுளத்தில் இறங்கும்போது பொழுது விடிந்திருக்கும். பல் தேய்த்து, ஆப்பம் சாப்பிட்டு, ஒரு அறையில் பையைப் போட்டுவிட்டுக் கிளம்பினால் பார்க் திறக்கிற நேரம். ராத்திரி தூங்கிய பிள்ளையும் தூங்காத பிள்ளையும் ஒரே பிள்ளை இல்லை என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, நிழல். கால் நூற்றாண்டாக வளர்ந்த மரங்களோடு புதிதாகத் திறந்த பார்க் போட்டி போட முடியாது. கொச்சிக்கும் ஒரு குறை உண்டு: மேட்டில் இருக்கிறது, ஏற்றமும் இறக்கமுமாக நடக்க வேண்டும். சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கப் போவது யார் என்பதை முன்பே பேசி முடித்துக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது.

சென்னை, கொச்சி இரண்டு வொண்டர்லாவுக்கும் பொதுவாகச் சில விஷயம். தண்ணீர்ப் பக்கம் பருத்தித் துணிக்கு அனுமதி இல்லை, நைலான், பாலியஸ்டர்தான். பருத்தி நனைந்தால் கனக்கும், நூல் பிரிந்து வடிகட்டியில் போய் அடைக்கும். உள்ளேயே உடுப்பு விற்பார்கள். தஞ்சாவூரிலேயே வாங்கிப் போனால் மலிவு. வெளிச் சாப்பாட்டை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், கைக்குழந்தை உணவுக்கு மட்டும் விலக்கு. தயிர்ச்சாதம் தவிர எதையும் தொடாத ஆள் எங்களிடம் ஒருவன் இருக்கிறான். காலையிலேயே வயிறு நிறையக் கொடுத்துவிட வேண்டியதுதான். தண்ணீர் விளையாட்டு நண்பகலை ஒட்டித்தான் தொடங்கும், அது சரியாக அவன் தூங்கும் நேரம். அதனால் காலையில் உலர் விளையாட்டு, பிறகு சாப்பாடு, மரத்தடியில் ஒரு மணி நேரத் தூக்கம், அதன் பிறகு தண்ணீர். வரிசையைத் தாண்டிப் போகிற ஃபாஸ்ட் டிராக் டிக்கெட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்க எனக்கு மனமில்லை. அது பெரிய விளையாட்டுகளுக்குத்தான் உதவும். சின்னவர்கள் ஏறுகிறவற்றில் கூட்டம் அவ்வளவு இருக்காது.

பெங்களூரு வொண்டர்லாவும் இதே குடும்பம்தான். 2005-இல், மைசூரு சாலையில் பிடதி அருகே வந்தது. பார்க்கை ஒட்டியே தங்கும் விடுதி இருப்பது பெரிய வசதி. மயிலாடுதுறை, கும்பகோணம்காரர்களுக்கு மைசூரு எக்ஸ்பிரஸ் இருக்கிறது, அவர்கள் அதைப் பார்க்கலாம். எங்களுக்கு அதற்காகத் தஞ்சாவூருக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். விட்டுவிட்டோம்.

சிங்கப்பூர்: இவர் கட்சி

இங்கேதான் வீட்டில் உண்மையான வாதம் நடந்தது. செந்தோசா தீவில் இருக்கிற யூனிவர்சல் ஸ்டூடியோஸ் இவர் கனவு. "நாலு வயசுக்குள்ள டிக்கெட்டே கிடையாதாம். இன்னும் ஆறு மாசம் இருக்கு, இப்பவே போயிடலாம்" என்றார். உண்மைதான், அங்கே நாலு வயதுக்குக் கீழே இலவசம். உயரத்திலும் நான் நினைத்ததைவிடத் தாராளம். டைனோசர் பகுதியில் தொங்கிக்கொண்டு போகிற கேனபி ஃபிளையருக்கு 92 செ.மீ. போதும், பெரியவர் கூட இருக்க வேண்டும், சின்னவன் தேறிவிட்டான். டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, நனைந்துகொண்டு போகிற ஜுராசிக் படகுக்கு 107, மகள் தேறிவிட்டாள். மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122, இன்னும் நாலு செ.மீ. தள்ளி நிற்கிறாள். 2025-இல் மினியன்களுக்கென்று தனிப் பகுதியும் திறந்தார்கள். ஒரு பெற்றோர் பிள்ளையோடு உட்கார்ந்திருக்க, இன்னொருவர் ஏறிவிட்டு வந்து மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் அங்கே உண்டு. இதெல்லாம் நன்றாக யோசித்துச் செய்த வேலை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பார்க்கில் மிச்சமாகிற ஒரு டிக்கெட்டுக்காக நாலு பாஸ்போர்ட், நாலு விசா, இரண்டு வயது தாண்டியதால் சின்னவனுக்கும் முழு விமான இருக்கை. நாலு மணி நேரத்துக்கு மேல் விமானம், இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிற கடிகாரம். மாமா வீட்டில் தங்கினால் விடுதிச் செலவில்லை, சரி. அப்புறம் முஸ்தபா கடையில் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். அவ்வளவு தூரம் போனால் ஜொகூர் பாலத்தைத் தாண்டி மலேசியாவில் இருக்கிற லெகோலேண்ட் பார்க்கையும் பார்க்க வேண்டும், அது இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கென்றே கட்டியது. மகள் பத்து, மகன் ஆறு என்றாகும்போது இந்தப் பயணம் இன்னும் இனிக்கும். அதுவரை மாமா போன் போட்டுக்கொண்டே இருக்கட்டும்.

எப்போது?

டெல்டாவில் கையில் பணம் வருவது சம்பா அறுத்த பிறகு, மாசி பங்குனியில். அப்போது பள்ளியில் பரீட்சை. மே மாதம் விடுமுறை. நமக்கும் கேரளத்துக்கும் ஒன்றாகவே விடுமுறை என்பதால் பார்க் நிரம்பி வழியும். காலாண்டு விடுமுறை கொச்சிக்கு ஏற்றது: ஓணம் விடுமுறை பெரும்பாலும் அதற்குள் முடிந்திருக்கும், தென்மேற்குப் பருவமழையும் தணிந்திருக்கும், மாலை மழை மட்டும் வந்தாலும் வரும். பெரும்பாலும் அதை ஒட்டியே பெங்களூரில் தசரா விடுமுறையும் வரும், தேதி பார்க்காமல் அங்கே போகாதீர்கள். அரையாண்டு விடுமுறையில் சென்னை என்றால் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். மார்கழி பிறந்தும் விடாத மழைகளை நாம் பார்த்திருக்கிறோம். எந்த ஊரானாலும் செவ்வாய், புதன் போல வார நாளில் போனால் டிக்கெட்டும் குறையும், வரிசையும் குறையும்.

இவ்வளவும் பேசி முடித்த அன்று ராத்திரி அத்தை ஒரு கேள்வி கேட்டார்கள். "ஏம்மா, நானும் வரலாமா? அங்க உக்கார நெழலு இருக்கா?" இருக்கிறது என்றேன். மூத்த குடிமக்களுக்கு டிக்கெட்டில் சலுகை என்றதும் முகம் மலர்ந்தது. தண்ணீரில் இறங்க நைலான் உடுப்பு போட வேண்டும் என்றதும், "நான் கரையில பையப் பாத்துக்கறேன்" என்றார்கள். சின்னவன் மதியம் தூங்கும்போது அப்பாயி கூட இருந்தால் நாங்கள் இரண்டு பேரும் மகளோடு ஏறலாம். நான் கணக்குப் போடாத வசதி இது. காலாண்டு விடுமுறையின் முதல் செவ்வாய்க்கிழமை, எர்ணாகுளம் வண்டியில் ஐந்து படுக்கை. அத்தைக்குக் கீழ் படுக்கை கிடைத்துவிட்டது.