செலான் வந்தது, பணம் போய்ச் சேரவில்லை

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட் எங்களுடையது. டெய்லர்கள், செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 26 பேர். பி.எஃப். (வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) வேலையை மூன்று வருடமாக ஒரு கன்சல்டன்ட்தான் பார்த்து வந்தார். அவரை நம்பி 5,27,800 ரூபாயைக் கொடுத்து ஏமாந்த கதை இது. இன்னும் அவர் பல யூனிட்டுகளுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார் என்பதால்தான் எழுதுகிறேன்.

2025 டிசம்பர் முதல் வாரம் அவரிடமிருந்து போன். "சார், லேபர் கோடு வந்துடுச்சு. நவம்பர் 21லிருந்து உங்க கம்பெனியோட பழைய பி.எஃப். கோட் நம்பர் செல்லாது. புதுசா ரிஜிஸ்டர் பண்ணணும். ஆளுக்கு 450 ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டு விட்டுடுங்க." 26 பேருக்கு 11,700. 29 தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்பாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது செய்தியில் வந்திருந்தது. அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஜிபேயில் அனுப்பப் போனவனை மச்சான்தான் தடுத்து, தனக்குத் தெரிந்த ஆடிட்டரிடம் கேட்கச் சொன்னார். அவர் சிரித்துவிட்டார். ஏற்கெனவே பதிவு செய்த நிறுவனம் மறுபடி பதிவு செய்ய வேண்டியதில்லை, பழைய பதிவே போதும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறதாம். உண்மையில் மாறியது சம்பளத்தின் வரையறை. அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் சம்பளக் கணக்கில் சேரும். எங்களுக்கு அலவன்ஸ் அவ்வளவு இல்லை, பாதிப்பும் இல்லை. சொல்ல வேண்டிய அதை கன்சல்டன்ட் சொல்லவே இல்லை.

அதே வாரம் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் அக்கா ஒருவர் போனை நீட்டினார். மகள் காலேஜ் ஃபீஸுக்காக பி.எஃப். எடுக்கலாமா என்று அரசின் உமாங் ஆப்பில் பார்த்திருக்கிறார். "ஏனுங்கண்ணா, எம்பட பாஸ்புக்குல மே மாசச் சம்பளத்துக்கு அப்புறம் காசே ஏறலைங்களே?" சர்வர் கோளாறாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். சொல்லும்போதே வயிறு கலங்கியது.

சாயங்காலம் ஃபைலை எடுத்து டேபிளில் பரப்பினேன். மாதா மாதம் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய பி.டி.எஃப். செலான்கள், பிரிண்ட் எடுத்து வைத்திருந்தோம். ஒவ்வொரு செலானுக்கும் டி.ஆர்.ஆர்.என். என்று ஒரு எண் உண்டு, மாதத்துக்கு மாதம் மாற வேண்டும். ஜூலையிலும் செப்டம்பரிலும் ஒரே எண். கூர்ந்து பார்த்தால் செப்டம்பர் செலானில் மாதத்தின் பெயர் மட்டும் கொஞ்சம் தடித்த எழுத்தில் இருந்தது. வெள்ளை அடித்து மேலே எழுதிய மாதிரி.

எல்லாமே போலி என்றும் சொல்ல முடியாது. மற்ற மாதங்களின் செலான்கள் அசல்தான். ஆனால் செலான் என்பது பணம் கட்டிய ரசீது அல்ல. ஆட்கள் பட்டியலை இணையதளத்தில் ஏற்றியதுமே செலான் வந்துவிடும், பணம் கட்டுவது அதற்கு அப்புறம். அவர் பட்டியலை ஏற்றி, செலானை எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, என் பணத்தைத் தன் கணக்கிலேயே வைத்துக்கொண்டார். மூன்று வருடமாக எனக்கு இந்த வித்தியாசமே தெரியாது.

பி.எஃப். இணையதளத்தில் நிறுவனத்தைத் தேடும் பக்கம் ஒன்று இருக்கிறது. லாகின் கூட வேண்டாம். பெயரையோ கோட் நம்பரையோ போட்டால் எந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு பணம், எத்தனை பேருக்குப் போனது என்று வரிசையாக வரும். மே மாதச் சம்பளத்தோடு வரிசை நின்றிருந்தது.

கணக்கு இதுதான். ஆளுக்குச் சராசரி 14,000 சம்பளம். தொழிலாளியிடம் 12 சதவீதம், நம் பங்கு 12, நிர்வாகக் கட்டணமும் இன்சூரன்ஸும் அரை அரை, மொத்தம் 25 சதவீதம். 26 பேருக்கு 91,000. இ.எஸ்.ஐ. 0.75ம் 3.25ம் சேர்த்து 4 சதவீதம், 14,560. மாதம் 1,05,560. ஜூன் முதல் அக்டோபர் வரை ஐந்து மாதம். ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தோம். அப்போதும் கடன் வாங்கி அவருக்குத் தவறாமல் அனுப்பியிருக்கிறேன்!

போன் செய்தேன். முதலில் சர்வர் பிரச்சினை என்றார். டி.ஆர்.ஆர்.என். எண்ணைப் படித்துக் காட்டியதும், "ரொட்டேஷன்ல இருக்கு சார், பொங்கலுக்குள்ள கட்டிடுறேன்" என்றார். 60,000 திருப்பித் தந்தார். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. போலீஸில் புகார் கொடுத்து, அதற்கான ரசீதான சி.எஸ்.ஆர். வாங்கி வைத்திருக்கிறேன்.

பி.எஃப். அலுவலகத்தில் இதையெல்லாம் சொன்னால், "நீங்கதானே எம்ப்ளாயர்?" என்று ஒரே கேள்வி. அவர்கள் கேட்பதும் சரிதான். சட்டத்தின் கண்ணில் கன்சல்டன்ட் என்று ஒருவர் இல்லவே இல்லை. தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் டேமேஜஸ் என்ற அபராதம், தனியாக ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி. தொழிலாளியிடம் பிடித்ததைக் கட்டாவிட்டால் நம்பிக்கை மோசடி வழக்கே வரலாம். அவர்களிடம் மறுபடி பிடிக்கவும் முடியாது, முழுப் பணமும் என் கையிலிருந்துதான்.

வருமான வரியிலும் ஒரு அடி இருக்கிறது. அந்த வருடக் கணக்குக்கு இருந்த விதிப்படி, தொழிலாளி பங்கை 15ஆம் தேதிக்குள் கட்டாவிட்டால், அந்தத் தொகை நம் வருமானமாகிவிடும், பின்னால் கட்டினாலும் கழிக்க முடியாது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே இதை உறுதி செய்துவிட்டது. அந்தக் கணக்கில், ஐந்து மாதத் தொழிலாளி பங்கான 2,32,050 ரூபாய்க்கு எனக்கு வரி. ஆடிட்டர் இதைச் சொன்னபோதுதான் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டேன். தொழில் வரியை மட்டும் கன்சல்டன்ட் மாநகராட்சியில் ஒழுங்காகக் கட்டியிருந்தார். சின்னத் தொகை, அதில் என்ன மிஞ்சப்போகிறது என்று விட்டிருப்பார்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் சாவியையே கொடுத்தது. லாகினில் இருந்தது அவருடைய மொபைல் நம்பர், அவருடைய இமெயில். என் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கூட அவர் டிராயரில்தான் கிடந்தது. ஓ.டி.பி. எதுவும் எனக்கு வந்ததே இல்லை. நம்பரை மாற்ற லெட்டர்ஹெட்டில் எழுதிக்கொண்டு அலைந்தேன். உங்கள் யூனிட்டில் ஓ.டி.பி. யாருடைய போனுக்குப் போகிறது என்று இன்றைக்கே பாருங்கள். வேலையை வெளியாளிடம் கொடுங்கள், பரவாயில்லை. பணம் மட்டும் உங்கள் நெட் பேங்கிங்கிலிருந்து நேராக பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குக்குப் போகட்டும்.

நவம்பர் மாதத்துக்கு நானே உட்கார்ந்து கட்டினேன். முதல் தடவை என்பதால் இரண்டு மணி நேரம் ஆனது. பழைய பாக்கியில் ஜூனும் ஜூலையும் கட்டியாகிவிட்டது, மூன்று மாதம் மிச்சம் இருக்கிறது. அக்காவின் மகள் ஃபீஸை நானே கொடுத்தேன். இப்போது 20ஆம் தேதி ஆனால் சொல்லாமலே பாஸ்புக்கைத் திறந்து, "ஏறிடுச்சுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் மெஷினில் உட்காருகிறார்.