டீசல் டேங்க் மாற்றி மூன்று வருடம்

என் லாரி 2009 மாடல், பத்து வீல். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி நாசிக்கில் இறக்கிவிட்டு, வெங்காயத்தோடு திரும்புவோம். டேங்க் மாற்றி இந்த ஆவணியோடு மூன்று வருடம். நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் இவ்வளவு நாள் பொறுத்திருந்தேன்.

முதலில் சொட்டவில்லை. டேங்கின் அடியில் தூசி ஒட்டிக் கறுப்பாகப் பிசுபிசுத்தது. கசிவை அடைக்க அந்த இடத்தில் சோப்பை அழுத்தித் தேய்த்தோம். டீசலில் சோப்பு கரையாது, ஊர் வந்து சேரும் வரை நிற்கும். அதற்குமேல் எம்சீல் பூசி நாலு மாதம் ஓட்டினேன். ஒருநாள் தும்கூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தினால், வண்டிக்கடியில் வட்டமாக ஈரம். நொடிக்கு ஒரு சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லி என்று கணக்குப் போட்டாலும் நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல். காசு போனது ஒருபக்கம். பின்னால் பைக்கில் வருகிறவர் அதில் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம்தான் அன்றைக்கு என்னைத் தூங்கவிடவில்லை.

நாமக்கல் பட்டறையில் கழற்றிப் பார்த்தோம். டேங்கைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைக்கு நேர் அடியில் ஓட்டை. நடுவில் இருக்கும் ரப்பர் நைந்துபோய், மழைத்தண்ணீரையும் சேற்றையும் வருடக்கணக்கில் தேக்கி வைத்திருந்தது. உள்ளேயும் துரு வண்டல். டீசலைவிடத் தண்ணீர் கனம், அடியிலேயே தங்கித் தகட்டைத் தின்றுவிடும்.

வெல்டிங் வைத்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். ஃபிட்டர் அண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லை. "காலி டேங்க்தான் தம்பி ஆபத்து. டீசல் போயிருக்கும், ஆவி உள்ளேயே நிற்கும்" என்றார். ஓட்டைக்குப் பக்கத்தில் விரலால் அழுத்தினேன், தகடு உள்வாங்கியது. அதற்குமேல் யோசிக்கவில்லை.

ஜிங்க் பூசிய தகட்டில் டேங்க் செய்யச் சொன்னால் கேட்காதீர்கள். துத்தநாகம் டீசலோடு சேர்ந்து கசடாகி ஃபில்டரையும், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் அடைக்கும். நான் அலுமினியத்தில் 300 லிட்டர் டேங்க் எடுத்தேன். கூலியோடு 26,500 ரூபாய் ஆனது. பட்டை இரண்டும் புதிது, ரப்பரும் புதிது. அலுமினியம் நேராக இரும்பில் உரசினால் ஈரம் பட்டு அரித்துவிடும், அதனால் ரப்பரில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

நான் மிச்சம் பிடித்தது செம்பு வாஷரில். டீசல் இழுக்கும் பைப்புக்குப் பழையதையே போடச் சொன்னேன். ஒரு வாரம் காலையில் ஸ்டார்ட் ஆகவே இல்லை. தினமும் கை பம்ப் அடித்து ஏர் எடுக்க வேண்டியிருந்தது. புது வாஷர் போட்ட அன்றே சரியானது.

ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஒரு சொட்டுக் கசிவு இல்லை. பழைய பைப்பில் இருந்த துரு வந்ததால் முதல் ஃபில்டரை மட்டும் 1,000 கிலோமீட்டரிலேயே மாற்றினேன். டேங்குக்குள் டீசல் அளவைக் காட்டும் ஃப்ளோட் சரியாகப் பொருந்தவில்லை, முள் காலி என்று காட்டும்போதும் நாற்பது லிட்டர் இருக்கிறது; அதற்குப் பழகிவிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டை நட்டை முறுக்கி, அடியில் இருக்கும் பிளக்கைத் திறந்து தண்ணீரை வடிக்கிறேன்.

பழைய டேங்கை இரும்புக் கடையில் போட்டபோது, கேஸ் கட்டிங் வைக்கும் பையனிடம் அது டீசல் டேங்க் என்று இரண்டு முறை சொன்னேன். அவன் முதலில் வாய்வரை தண்ணீர் நிரப்பிய பிறகுதான் அங்கிருந்து கிளம்பினேன்.