ப்ளட்போர்ன்: சாவதில் சலிப்பில்லை, குப்பி பொறுக்குவதில்தான்

கன்ட்ரோலரின் இடது ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. ரிப்பேராகி வந்ததும், சரியாக வேலை செய்கிறதா பார்ப்போமே என்று ப்ளட்போர்னில் புதிதாக ஒரு ஆளை உருவாக்கித் தொடங்கினேன். ஸ்டிக் நன்றாகத்தான் இருக்கிறது என்று முதல் தெருவிலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் நிறுத்தவில்லை. 2015-ல் வந்த கேம், பிஎஸ்4-க்கு மட்டும், நொடிக்கு 30 ஃபிரேம், பிசிக்கு வரவே இல்லை. இதெல்லாம் வாங்க யோசிக்கிறவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். வருடக்கணக்கில் விட்டு விட்டு விளையாடிய பிறகு எனக்குச் சொல்ல இருப்பது வேறு.

இந்த கேமைப் பற்றிப் பேச்சு வந்தாலே கஷ்டம், கஷ்டம் என்பார்கள். கஷ்டத்தைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. என் வயிற்றெரிச்சல் முழுக்க பிளட் வயல் மேல்தான், அதாவது உயிரை ஏற்றிக்கொள்ளத் தொடையில் குத்திக்கொள்கிறோமே, அந்த ரத்தக் குப்பி.

இதை உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேர் ஆட்களே 2011-ல் கொடுத்த டார்க் சோல்ஸில் எஸ்டஸ் குடுவை இருந்தது. தீ மூட்டிய இடத்தில் உட்கார்ந்தால் நிரம்பும், செத்து எழுந்தாலும் நிரம்பும். ஒவ்வொரு முயற்சியும் ஒரே கணக்கில் தொடங்கும்: உனக்கு இத்தனை மடக்கு, எதிரே இந்த பாஸ், அதாவது பெரிய எதிரி, முடிந்தால் ஜெயி. ப்ளட்போர்னில் அப்படியில்லை, குப்பி என்பது செலவாகிற சரக்கு. கையில் இருபது வைத்துக்கொள்ளலாம், மீதி கிடங்குக்குப் போகும். செத்து எழும்போது கிடங்கிலிருந்து எடுத்து இருபதாக அதுவே நிரப்பிவிடும். வசதிதானே என்று தோன்றும். கோளாறே அங்கேதான். கை நிரம்புவது தெரிகிறது, கிடங்கு வற்றுவது தெரிவதில்லை. ஒரு பாஸிடம் ராத்திரி முழுக்க அடி வாங்கிக்கொண்டிருப்போம், அவன் எந்தத் தோளை இறக்கினால் எந்த வெட்டு வரும் என்று அப்போதுதான் கொஞ்சம் பிடிபட ஆரம்பித்திருக்கும், அந்த நேரம் பார்த்து, எழுந்ததும் திரையின் மேல் இடது மூலையில் இருபது இருக்க வேண்டிய இடத்தில் மூன்று என்று நிற்கும்.

அப்புறம் என்ன, பொறுக்கப் போக வேண்டியதுதான். செத்தால் எழுகிற இடமான விளக்கருகே போய், நம் தங்குமிடமான கனவுலகத்துக்கு ஒரு லோடிங். அங்கே கல்லறையைத் தொட்டு, ஆரம்பப் பகுதியான சென்ட்ரல் யார்னமுக்கு இன்னொரு லோடிங். செங்கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அந்தத் தடியன்களை அடித்துக் குப்பி எடுத்து, மறுபடி கனவு, மறுபடி யார்னம். இதில் விளக்கருகே உட்கார்ந்து எழுந்து எதிரிகளை வரவழைக்கும் வழியும் கிடையாது, கனவுக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். கேம் வெளிவந்த புதிதில் அந்த லோடிங்கில் கறுப்புத் திரையில் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், பிறகு வந்த அப்டேட்டில்தான் நேரத்தைக் குறைத்துப் படிக்க நாலு வரியும் போட்டார்கள். பிஎஸ்5-ல் போட்டால் இன்னும் சீக்கிரம் முடிகிறது. முடியட்டும். செய்கிற வேலை அதேதானே. அந்தத் தடியனைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க எனக்குத் தெரியும், அவனிடமிருந்து புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

பாஸிடம் திரும்பத் திரும்பப் போவது முற்றிலும் வேறு விஷயம். ஃபாதர் காஸ்காய்னை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டம், கையில் கோடாலியும் துப்பாக்கியும். முதல் தடவை அவன் என்ன செய்கிறான் என்றே புரியாது, கதை முடிந்துவிடும். பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய வரும். அவன் வீசும்போது பின்னால் தாவினால் கோடாலியின் நீளம் வந்து சேர்ந்துவிடும், அவன் பக்கமாகவே சாய்ந்து நுழைந்தால் வெட்டு முதுகுக்குப் பின்னால் காற்றில் போகும். கல்லறைக் கற்களை நடுவில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். கோடாலியின் காம்பை நீட்டி இரண்டு கையாலும் பிடித்துவிட்டான் என்றால் கற்களை ரொம்ப நம்ப முடியாது. அவன் கை இறங்கத் தொடங்குகிற அந்த நொடியில் துப்பாக்கியை வெடித்தால் முழங்கால் மடிந்து அப்படியே நிற்பான், நாம் போய் வயிற்றுக்குள் கையை விட்டு இழுக்கலாம். அரை நொடி முன்னால் வெடித்தால் வீண், பின்னால் வெடித்தால் நாம் காலி. கடைசியில் மிருகமாக மாறுவான், அது தனிப் பாடம். பல தடவை செத்த பிறகு ஒரு தடவை விரல் தானாகவே அந்த நொடியில் அழுத்தும், மூளைக்குச் செய்தி போவதற்கு முன்பே. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சாக நான் தயாராக இருப்பது இதற்காகத்தான்.

இதோடு சேர்த்துச் சொல்லியாக வேண்டியது, அடி வாங்கினால் இழந்த உயிர் உடனே போய்விடாமல் பட்டையில் சில நொடி வேறு நிறத்தில் நிற்கும், அதற்குள் திருப்பி அடித்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். ஓடி ஒளியாதே, மேலே விழு என்று கேமே சொல்லிக்கொடுக்கிறது. இவ்வளவு அருமையான ஒரு ஏற்பாட்டைச் செய்துவிட்டுப் பக்கத்திலேயே குப்பியை எண்ணி எண்ணிச் செலவழிக்க வைத்ததுதான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. மூன்று குப்பியோடு உள்ளே போகிறவன் மேலே விழுவானா? தூணைச் சுற்றிச் சுற்றி வருவான்.

அதிலும் யாருக்கு அடி விழுகிறது பாருங்கள். நன்றாக ஆடுகிறவனிடம் குப்பி வழியும், பாதிக்குமேல் அவனுக்குத் தேவையே படாது. தட்டுத் தடுமாறி விளையாடுகிறவனுக்குத்தான் தீரும். அதாவது அதிகப் பயிற்சி யாருக்கு வேண்டுமோ அவனைத்தான் பயிற்சியை நிறுத்திவிட்டுக் குப்பி பொறுக்கப் போ என்று அனுப்புகிறார்கள். வெந்த புண்ணில் வேல். கடையில் வாங்கலாமே என்றால், கதை நகர நகர விலை ஏறிக்கொண்டே போகும். வாங்கச் சேர்த்த பிளட் எக்கோஸையும் (இந்த கேமின் காசு அதுதான்) போகிற வழியில் செத்தால் அங்கேயே போட்டுவிட்டு வர வேண்டும்.

நியாயமாகச் சொல்வதென்றால், இதற்கும் ஒரு காரணம் இருக்கத்தான் செய்கிறது. குப்பி சாதாரண எதிரிகளிடமிருந்து விழுவதால், பாஸ் வாசல் வரை எல்லாரையும் ஏமாற்றிவிட்டு ஓடாமல் வழியில் நின்று சண்டை போட ஒரு ஆசை காட்டுகிறது. ஊரே ரத்தத்துக்கு அலைகிற கதைக்கும் பொருத்தம். இரண்டாம் முறை விளையாடுகையில் இந்தத் தொல்லையை நான் அவ்வளவாக உணரவில்லை என்பதும் உண்மை. சரி, முதல் முறை வருகிறவனுக்கு அதனால் என்ன லாபம்?

பிறகு வந்த கேம்களில் இதைச் சரிசெய்துவிட்டார்கள் என்பதுதான் எரிச்சலைக் கூட்டுகிறது. இதே ஆட்களின் எல்டன் ரிங்கில் (2022) குடுவை தானாக நிரம்புகிறது, எதிரிக் கூட்டம் ஒன்றை மொத்தமாகத் தீர்த்தால் வழியிலேயே கொஞ்சம் நிரம்பும், பல பாஸ்களுக்கு முன்னால் மரிகா கம்பம் நட்டிருக்கிறார்கள், செத்தால் அங்கேயே எழலாம். அதில் வேறு மாதிரி சலிப்பு: அதே மரப்பூதமும் அதே கல்நாயும் குகைக்குக் குகை வந்து நிற்கும், காட்ரிக் என்ற பாஸைக்கூட காட்ஃப்ராய் என்று பெயர் மாற்றி இன்னொரு தடவை இறக்கியிருக்கிறார்கள். லைஸ் ஆஃப் பி (2023) இன்னும் புத்திசாலி. மருந்து முழுக்கத் தீர்ந்த பிறகு எதிரியை அடித்து அடித்தே ஒன்றைத் திரும்பச் சம்பாதிக்கலாம். ப்ளட்போர்னின் குணத்துக்கு அதைவிடப் பொருந்துகிற ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை, ஆனால் அது அடுத்தவர் கேமில் இருக்கிறது.

ப்ளட்போர்னின் இன்னொரு பாஸ் மிகோலாஷ் பற்றி இரண்டு வரி. அவன் சண்டை போடுவதைவிட ஓடுவதுதான் அதிகம். நடைவழி, படிக்கட்டு, கண்ணாடி என்று துரத்தி ஓர் அறைக்குள் அடைக்க வேண்டும், மேலே போனால் மறுபடியும் ஒரு துரத்தல், கடைசியில் அவன் கையை உயர்த்தி ஒரு மந்திரத்தைப் பொழிந்தால் நாம் காலி, திரும்ப முதலிலிருந்து துரத்து. சாலிஸ் நிலவறைகள் இன்னொரு வேதனை. ஒரே மாதிரி அறைகள், ஒரே மாதிரி நெம்புகோல், அதில் ஒரு நிலவறையில் நம் உயிர்ப்பட்டையைப் பாதியாக வெட்டிவிட்டு எரிகிற நாயோடு மோதவிடுவார்கள். அந்த நாயை நான் தாண்டிவிட்டேன், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இவ்வகை கேம்களில் சண்டை என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் இதற்கு மேல் நான் எதையும் வைக்க மாட்டேன். கையில் இருக்கிற ரம்ப ஆயுதம் ஒரு சொடுக்கில் நீளமாகி அடியோடு அடியாகச் சேர்கிற அந்தச் சத்தம் வேறெங்கும் இல்லை. ஆனால் வாங்கலாமா என்று இன்றைக்குக் கேட்டால், வேண்டாம் என்பேன். இப்போதுதான் கிடங்கில் கடைசிக் குப்பியும் போய் லாரன்ஸ் என்ற பாஸின் வாசலில் வெறுங்கையோடு நிற்கிறேன், அந்தக் கோபத்தில் சொல்வதாகவே இருக்கட்டும், லைஸ் ஆஃப் பி-யை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை, இதைத்தான் வாங்குவேன் என்பவர்கள், ஆரம்பத்தில் குப்பி விலை மலிவாக இருக்கும்போதே லெவல் ஏற்றியது போக மிஞ்சுகிற எக்கோஸையெல்லாம் அதில் போட்டுக் கிடங்கை நிரப்பிவிடுங்கள். காஸ்காய்னிடம் போகும் முன் ஜன்னலோரச் சிறுமியிடம் பேசி அவனைக் கொஞ்ச நேரம் தடுமாற வைக்கிற அந்த இசைப் பெட்டியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.