பால் பைத்தான் குட்டி வாங்கப் போகிறீர்களா? முன்பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் வாட்ஸாப் குழுக்களில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. உள்ளங்கையில் சுருண்டு கிடக்கும் ஒரு பால் பைத்தான் குட்டி. பால் என்றால் இங்கே பந்து; பயந்தால் பந்து போலச் சுருளும் வெளிநாட்டு மலைப்பாம்பு இது. கீழே, "பால் பைத்தான் பேபி, 2 மாசம், சூப்பரா சாப்பிடும், பேப்பர் இருக்கு, 22,000". இதை நம்பி தேவிபட்டினம் பக்கத்தில் ஒரு குடும்பம் பணம் கட்டியது. வந்த குட்டி 19ஆம் நாள் செத்துப்போனது. அந்த வீட்டார் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல், என்ன நடந்தது என்று எழுதுகிறோம். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது.

பணம் ஜிபேயில் இரண்டு தவணையாகப் போனது. குட்டி இரவு ஆம்னி பஸ்ஸில் பார்சலாக வந்தது. ஈரத் துணிப்பை ஒன்று. அதைத் திணித்து வைத்த ஐஸ்கிரீம் டப்பா. மூடியில் ஆணியால் குத்திய நாலைந்து ஓட்டை. அவ்வளவுதான். நகைத் தராசில் வைத்தால் 46 கிராம். பால் பைத்தான் முட்டையிலிருந்து வெளிவரும்போதே பெரும்பாலும் 50 முதல் 80 கிராம் இருக்கும். ஒழுங்காக இரை தின்னும் 2 மாதக் குட்டி 100 கிராமைத் தாண்டியிருக்க வேண்டும். ஆக, இது பிறந்ததிலிருந்து ஒரு வாய்கூடத் தின்னாத குட்டி என்பது தராசிலேயே தெரிந்திருக்கும். முதுகெலும்பு கூரை முகடு மாதிரி எழும்பியிருந்தது, விலாத் தோல் மடிந்து கிடந்தது. கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியிலும் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். அது அழுக்கு இல்லை, பாம்பு உண்ணி. வெள்ளை டிஷ்யூவை நனைத்து உடம்பில் மெல்ல ஓட்டினால் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு வந்து நகரும். தண்ணீர்க் கிண்ணத்திலும் செத்து மிதக்கும்.

கேட்டதற்கு விற்றவர் அனுப்பிய குரல் பதிவு: "தம்பி, குட்டி டிராவல் டயர்டுல இருக்கு. நல்ல கடல் மணல் போட்டு, மேல ஒரு 60 வாட் பல்பு போடுங்க. ரெண்டு நாள்ல சாப்பிடலன்னா தவளை போடுங்க, இல்லாட்டி முட்டைக் கருவ சிரிஞ்சில ஏத்துங்க." இதில் ஒரு வார்த்தைகூட சரி இல்லை. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். குட்டியைக் கொன்றது இந்த வார்த்தைகள்தான்.

முதலில் மணல். கடல் மணல் உப்பு. ஈரத்தைப் பிடித்து வைக்காது. இரையோடு சேர்ந்து வாய்க்குள் போனால் ஈறு புண்ணாகும், குடலில் அடைக்கும். புதுக் குட்டிக்கு முதல் ஒரு மாதம் பழைய செய்தித்தாளோ வெள்ளை டிஷ்யூவோ போதும். உண்ணி, எச்சம், கக்கிய இரை எல்லாம் அதில்தான் பளிச்சென்று தெரியும். பிறகு தென்னை நார்த்தூள் போடலாம், நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் அதிலும் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றி, பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது என்ற பதத்தில் போடுங்கள். குடிக்க வைப்பதும் குடத்துக்குக் காசு கொடுத்து நீங்கள் வாங்கிக் குடிக்கிற தண்ணீராகவே இருக்கட்டும். போர்த் தண்ணீர் வேண்டாம்.

அடுத்து பல்பு. வெயில் காலத்தில் ராமநாதபுரத்தில் பாம்புக்குச் சூடு ஏற்றுவதைவிடச் சூடு இறக்குவதுதான் பெரிய வேலை. பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25 முதல் 27 டிகிரி. குட்டி தனக்கு வேண்டிய பக்கம் போய்க்கொள்ளும். 35க்கு மேல் போனால் ஆபத்து. ஏப்ரல், மே மாதங்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறை பல்பு இல்லாமலே அதைத் தாண்டிவிடும். கீழ்த்தள அறையில், வெயில் படாத சுவர் ஓரம், தரையோடு பெட்டியை வையுங்கள். கம்பி முனை கொண்ட டிஜிட்டல் வெப்பமானி இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. கரண்ட் போனால், தண்ணீர் உறைந்த பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே ஒரு பக்கமாகச் சாய்த்து வைக்கலாம், உள்ளே வைக்காதீர்கள். மார்கழி இரவில் சூட்டு விரிப்பு தேவைப்பட்டால் சூடு அளவு மீறாமல் நிறுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் போடவே போடாதீர்கள். வயிறு வெந்து போவதைப் பாம்பு உணர்ந்து உடனே விலகாது. காலையில் நீங்கள் பார்ப்பது சிவந்து கொப்பளித்த அடித்தோலாக இருக்கும். ஏசி அறையில் வைத்தால் வேறு பிரச்சினை. காற்று காய்ந்து, தோல் துண்டு துண்டாக உரியும், கண் மேல் பழைய தோல் ஒட்டிக்கொள்ளும். அதை நகத்தால் பெயர்க்காதீர்கள். காற்றின் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்கு மேல் வைத்தால் பெரும்பாலும் அடுத்த உரிப்பில் தானே கழன்றுவிடும்.

பெரிய கண்ணாடித் தொட்டியும் விற்றவர் சொன்னதுதான், அதற்குத் தனியாக 6,000 ரூபாய். இந்த வயதில் பெரிய இடம் என்றால் குட்டிக்குப் பயம், பயந்த குட்டி இரை எடுக்காது. பூட்டுக் காது வைத்த 15 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி போதும். சூடாக்கிய கம்பியால் எதிரெதிர்ப் பக்கங்களில் பத்துப் பன்னிரண்டு துளை, ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டருக்குள். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். ஒளிந்துகொள்ள ஒரே மாதிரி இரண்டு சின்ன மண்சட்டி, சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர் பக்கம் ஒன்று. வாய் விளிம்பில் இரண்டு விரல் நுழையும் அளவு உடைத்து, உப்புத்தாளில் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். பனை ஓலைப்பெட்டி அழகாக இருக்கும்தான். ஆனால் பின்னல் இடுக்கில் உண்ணி குடியேறினால் வெந்நீரில்கூடப் போகாது.

இரை விஷயத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பாலும் இல்லை, முட்டையும் இல்லை, தவளையும் இல்லை. பால் பைத்தான் தின்பது எலி. குட்டியின் எடையில் 10 முதல் 15 சதவீதம் எடையுள்ள சுண்டெலிக் குஞ்சு, 5 முதல் 7 நாளுக்கு ஒன்று. 60 கிராம் குட்டிக்கு 6 முதல் 9 கிராம். வீட்டு எலியைப் பொறி வைத்துப் பிடித்துப் போடாதீர்கள். அடுத்த வீட்டில் வைத்த எலி மருந்தைத் தின்றிருந்தால் அந்த விஷம் பாம்புக்கும் போகும், ஒட்டுண்ணியும் கூடவே வரும். இரைக்கென்று வளர்த்த எலி நம் ஊர்களில் எளிதில் கிடைக்காது. அதனால் பாம்புக்கு முன்னால் எலிக்கு ஏற்பாடு பண்ணுங்கள். உறைய வைத்ததை வாங்கினால், ஃபிரிட்ஜில் பனி விட்டு, பிறகு 40 டிகிரி வெந்நீரில் கவரோடு வைத்து உள்வரை வெதுவெதுப்பாக்கி, இருட்டிய பின் நீள இடுக்கியால் காட்டுங்கள். உயிரோடு போட்டு விட்டுவிட்டுப் போனால் எலி பாம்பைக் கடித்துக் குதறும். இரை எடுத்து 48 மணி நேரம் கையில் தூக்காதீர்கள். வந்த முதல் வாரமும் அப்படித்தான். கக்கிவிட்டால் 10 முதல் 14 நாள் சும்மா விட்டு, அடுத்து பாதி அளவு இரை.

அந்த வீட்டில் நாலாம் நாள் முட்டைக் கருவை சிரிஞ்சில் ஏற்றினார்கள். பாசத்தில் செய்ததுதான். பாம்பின் மூச்சுக்குழல் வாயின் முன்பக்கத்திலேயே, நாக்குக்குச் சற்று மேலே திறக்கிறது. தெரியாத கையால் ஏற்றினால் கரு நுரையீரலுக்குப் போகும். அப்படித்தான் போயிருக்க வேண்டும். பத்தாம் நாளுக்குள் வாயோரம் நுரைக்குமிழ், தலையை மேலே தூக்கியபடி வாயைத் திறந்து மூச்சு. அந்த நிலையில் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் எதுவும் உதவாது. ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போகவேண்டி வரலாம், அதையும் வாங்கும் முன்பே கணக்கில் வையுங்கள். உண்ணிக்கும் மாட்டு மருந்து, நாய் ஸ்பிரே, மண்ணெண்ணெய், பினாயில் எதுவும் ஊற்றாதீர்கள், 50 கிராம் உடம்பு தாங்காது. தினம் தாள் மாற்றி, பெட்டியை வெந்நீரில் கழுவிக் காயவைத்து, மருந்தின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி அந்தப் "பேப்பர்". வந்தது ஒரு நகல். வேறு மாநிலத்து ஒருவர் பெயரில், முழு வளர்ந்த ஒரு பாம்புக்கான பதிவு. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான், வன உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் நாலாம் அட்டவணை இத்தகைய உயிரினங்களுக்கானது. 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், கை மாறினாலும் அதைத் தெரிவிக்க வேண்டும். அதாவது அந்தக் குட்டி, உங்கள் பெயருக்கு மாற்றப்பட்ட பதிவோடு வர வேண்டும். யாரோ ஒருவரின் நகல் வெறும் தாள். கடத்தல் குட்டிகளும் இப்படித்தான் கைமாறுகின்றன. 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரே பயணியிடம் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டது நினைவிருக்கும். பையில் பட்டினியாக வந்த குட்டி நம் கைக்கு வரும்போது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைவிடப் பயங்கரமான ஒன்று இருக்கிறது. "பாதி விலைக்குப் பைத்தான்" என்று உள்ளூர்ப் பாம்பைத் தள்ளிவிடுவது. நம் மணற்காட்டில் கிடக்கும் மண்ணுளிக் குட்டியைப் பைத்தான் என்பார்கள். அதுவாவது விஷமில்லாதது. ஆனால் நம் நாட்டுப் பாம்பு எதையும் பிடித்து வைப்பதும் விற்பதும் குற்றம். கண்ணாடி விரியன் குட்டி அப்படியல்ல. அது முட்டையிடாமல் குட்டி போடும் பாம்பு, ஓர் ஈற்றில் 20, 30 கூட இருக்கும். ஒரு சாண் நீளக் குட்டிக்கும் பிறந்த அன்றே விஷம் உண்டு. மலைப்பாம்பென்று நினைத்து அதைக் கையில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

வேறுபாடு இதுதான். பால் பைத்தானின் செதில் எண்ணெய் தடவியது போல வழவழப்பு. மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் தெரியும். கண்ணாடி விரியனின் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் மேடு, அதனால் சொரசொரப்பு, மினுமினுப்பு இல்லை. முதுகில் சங்கிலி கோத்தது மாதிரி, கறுப்பு விளிம்பிட்ட முட்டை வடிவப் புள்ளிகள் வரிசையாக ஓடும். மூக்குத் துளை பெரிது. சீறினால் குக்கர் ஆவி விடுவது போல நீளமாகச் சீறும். மண்ணுளிக்கு வால் வெட்டியது போல மொட்டையாக முடியும். சந்தேகமென்றால் டப்பாவைத் திறக்காதீர்கள், மூடியபடியே படம் எடுத்து வனத்துறைக்குக் காட்டுங்கள். ராமநாதபுரத்தில் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் இருக்கிறது, மண்டபத்திலும் கீழக்கரையிலும் வனச்சரக அலுவலகங்கள் இருக்கின்றன. கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், அசையாமல் 108இல் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பச்சிலைக்கு ஒரு நிமிடம்கூடக் கொடுக்காதீர்கள்.

வாங்குவதென்றே முடிவு செய்தவர்கள் முன்பணத்துக்கு முன் மூன்றைக் கேளுங்கள். தராசில் எடை தெரியும் படம். அன்றைய செய்தித்தாள் பக்கத்தில் இருக்க, குட்டி இரை எடுக்கும் வீடியோ. அதுவும் ஒரு வார இடைவெளியில் மூன்று முறை. உங்கள் பெயருக்கு மாறும் பதிவு. நேரில் போய்ப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். அஞ்சு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னும் சில வருடம் பொறுங்கள். சால்மோனெல்லா கிருமி பாம்பின் தோலிலும் எச்சத்திலும் இருக்கும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் குட்டியைத் தேரியிலோ கண்மாயிலோ விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு நோய் நம் பாம்புகளுக்குத் தொற்றும். வனத்துறையிடம் நீங்களே போய்ச் சொல்லி ஒப்படையுங்கள். அந்தக் குடும்பம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதில், "போலீஸ்ல சொன்னா மொதல்ல உள்ள போறது நீங்கதான் தம்பி". அந்த ஒரு வரியில் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் கணக்கில் இருந்த பணம் போய்விட்டது. பணம் போனதும் அன்றைக்கே இணைய மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். தாமதமானால் கணக்கை முடக்குவது கடினம். வனத்துறைக்கோ போலீசுக்கோ போகும்போது வழக்கறிஞர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குரல் பதிவு, பணம் போன ரசீது, பஸ் பார்சல் சீட்டு எதையும் அழிக்காதீர்கள்.

விற்றவரின் எண் இப்போது வேலை செய்யவில்லை. ஆனால் போன வாரம் தொண்டிக் குழு ஒன்றில் அதே படம் வந்திருக்கிறது, இப்போது விலை 18,000. குட்டியைப் பிடித்திருக்கும் கையில் கட்டை விரல் நகம் பாதி கறுத்திருக்கும். அந்த நகத்தைப் பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள்.