சீசன் வாடகைக்குப் போன எங்கள் வீடு

வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். செங்கோட்டை, தென்காசி, புளியரை பக்கம் வீடு வைத்துக்கொண்டு வேறெங்கோ இருப்பவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். இங்கே பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குத் தனி மவுசு உண்டு. ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் அறை கிடைப்பது பெரும்பாடு. அது ஓய்ந்து கார்த்திகை பிறந்தால், ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் வரிசைகட்டும். ஒரு ஹால், இரண்டு ரூம், குழாயில் தண்ணீர், கார் நிறுத்த இடம் இருந்தால் போதும், அந்த வீடு காசு.

எங்கள் வீடு செங்கோட்டையில். மகள் பிரசவத்துக்காக ஆனி பிறக்கும் முன்பே நானும் வீட்டுக்காரரும் மஸ்கட் கிளம்பிவிட்டோம். பக்கத்து வீட்டுத் தம்பியும் அவர் மனைவியும் நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர்கள். செடிக்குத் தண்ணீர் விடுவது, வாரம் ஒருநாள் வீட்டைத் திறந்து கூட்டுவது, சாயங்காலம் வாசல் லைட்டைப் போடுவது, இதுதான் பேச்சு. தேங்காயும் பலாவும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றோம். அந்த வருமானம் கணிசமானதுதான், சும்மா பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை.

கிளம்பிய கொஞ்ச நாளில் போன் வந்தது. "மதினி, கேஸ் கம்பெனியில இருந்து ஒரு நம்பர் வந்திருக்கும், அதச் சொல்லுங்க." அவர்கள் வீட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டதாம், எங்கள் புக்கில் ஒன்று போட்டாராம். அவசரத்துக்குத்தானே என்று சொன்னேன். அடுத்த மாதமும் அதே போன். அப்புறம் கரண்ட் பில் மெசேஜ் வந்தது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், ஆளில்லாத வீட்டுக்குப் பில்லே வராது. எங்களுக்கு மூவாயிரம் ரூபாயைத் தாண்டி வந்திருந்தது. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து ரேட் கூடிவிடும். வாசல் லைட் எரிந்து வரக்கூடிய பில் இல்லை அது. கேட்டதற்கு, மீட்டரில் ஏதோ கோளாறு, ஆபீசில் சொல்லியிருக்கிறேன் என்றார்.

விஷயம் வெளியே வந்தது புனலூரில் இருக்கும் என் நாத்தனார் மூலமாக. அவர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் மலையாளத்தில் ஒரு விளம்பரம் சுற்றியிருக்கிறது. குற்றாலம் சீசனுக்கு முழு வீடு, குடும்பத்தோடு தங்கலாம், சமைத்துக்கொள்ளலாம், கார் நிறுத்தலாம் என்று போட்டு நாலு போட்டோ. மூன்றாவது போட்டோவில் ஹால் சுவரில் என் மாமியார் மாலையோடு இருக்கிறார். கீழே இருந்த போன் நம்பர் பக்கத்து வீட்டுத் தம்பியுடையது.

நான் உடனே கூப்பிட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன், மறுக்கவே இல்லை. "ஆளு பொழங்காத வீடு பாழாப் போயிரும்லா மதினி? நாலு பேரு வந்து போனாத்தானே வீடு வீடா இருக்கும். நல்ல குடும்பமாப் பாத்துத்தான் விட்டேன்" என்றார். அதில் ஒரு பொட்டுக் குற்ற உணர்ச்சி இல்லை. எங்களுக்கு ஏதோ உபகாரம் செய்ததுபோலத்தான் பேசினார். வாடகைக் காசைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் போனில் கேட்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தபோது பீரோ பூட்டியது பூட்டியபடி இருந்தது. ஒரு ஸ்பூன் காணாமல் போகவில்லை. ஆனால் செப்டிக் டேங்க் நிரம்பிப் பின்வாசல் பக்கம் நிற்க முடியவில்லை. மெத்தை இரண்டையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும்விட என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேலி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலியை ஒரு கார் நுழையும் அளவுக்குப் பிரித்து வழி போட்டிருந்தார்கள். வண்டி வந்து போக வசதியாக இருக்குமே என்று அவர் மனைவி சாதாரணமாகச் சொன்னாள்.

போலீசில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனோம். பூட்டு உடையவில்லை, சாவி நீங்கள் கொடுத்தது, பொருளும் போகவில்லை, பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். திருடனாக இருந்திருந்தால் புகார் எழுதுவது சுலபம். இது தெரிந்த முகம், தெருவே அவருக்கு ஆதரவு. "இத்தன மாசமா ஒங்க வீட்டக் காவல் காத்த மனுசன்" என்று எனக்கே புத்தி சொன்னவர்கள் உண்டு.

சொந்தத்தில் ஒரு வக்கீலைக் கேட்டதில் கொஞ்சம் தெம்பு வந்தது. காவலுக்கு இருப்பவர் எத்தனை வருடம் இருந்தாலும் அந்தச் சொத்தில் உரிமை வராது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் வேலியை உடனே அடைக்கச் சொன்னார். 1882-ஆம் வருட ஈஸ்மெண்ட் சட்டப்படி, ஒரு வழியை யார் அனுமதியும் இல்லாமல் உரிமையாக, தடையில்லாமல் 20 வருடம் பயன்படுத்தினால் அது வழிப்பாத்தியம் ஆகிவிடும். அனுமதி கொடுத்து நடந்தால் ஆகாது. அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு வழியோ கிணறோ விடுகிறவர்கள், என் அனுமதியின்பேரில்தான் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

வக்கீல் சொன்ன இன்னொன்று வயிற்றைக் கலக்கியது. வீட்டு இணைப்பில் வாங்கும் மின்சாரத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இரண்டு மடங்கு ரேட்டில் கணக்குப் போட்டு வசூலிப்பார்கள். நோட்டீஸ் பெரும்பாலும் வருவது இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. வாடகை வாங்கினவர் பேர் பில்லில் இருக்காது.

இப்போது வெளியே போனால் வீட்டுச் சாவியைக் கொடுப்பதில்லை, கேட் சாவி மட்டும்தான். செடிக்கு வெளிக்குழாய் போதும். உள்ளே போகும் கரண்ட்டை மீட்டர் பக்கத்துப் பெட்டியில் இருக்கும் எம்சிபி சுவிட்சில் அணைத்து, வாசல் லைட்டுக்கும் மோட்டாருக்கும் உள்ளதை மட்டும் விட்டுவிட்டு, மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிறோம். கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறேன். கேஸ் நம்பர் கேட்டு யார் போன் செய்தாலும் சொல்வதில்லை. போலீஸ் ஸ்டேஷனிலும் வீடு பூட்டியிருக்கும் என்று சொல்லிவிடுகிறோம்.

இந்த ஏற்பாட்டை இப்போது எதிர்வீட்டு அக்காவிடம் விட்டிருக்கிறோம். யாரையும் தங்க வைக்கக் கூடாது, உங்கள் சொந்தக்காரர்களையும்தான் என்று அவரிடமும் அவர் மகனிடமும் நேரில் சொன்னேன். அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினேன். மாசாமாசம் ஒரு தொகையும் கொடுக்கிறேன். அக்கா முதலில் "நமக்குள்ள என்னத்துக்குத் தாயி காசு?" என்றார். அதற்காகவே கொடுக்கிறேன். கூலி வாங்காத உதவிக்கு எது எல்லை என்று யாராலும் சொல்ல முடியாமல் போவதைத்தான் நான் பார்த்துவிட்டேனே.

பழைய தம்பி கரண்ட் பில்லில் பாதியைக் கொடுத்தார். வாடகையில் ஒரு பைசா வரவில்லை. வேலியைக் கல் நட்டுக் கம்பி கட்டி அடைத்தபோது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பேசுவதில்லை.

அந்த விளம்பரம் மட்டும் இன்னும் ஏதேதோ குழுக்களில் சுற்றுகிறது. போன சீசனில் கொல்லத்திலிருந்து ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு எங்கள் கேட்டுக்கு வந்துவிட்டது. யாருக்கோ அட்வான்ஸ் அனுப்பியிருக்கிறார்கள், பாவம். குற்றாலத்துக்கு வீடு பிடிக்கிறவர்கள் பணம் அனுப்பும் முன், சமீபத்திய கரண்ட் பில்லின் போட்டோவைக் கேளுங்கள். அதில் இருக்கும் பேருக்கும் பேசுகிற ஆளுக்கும் சம்பந்தம் இல்லை என்றால், வீட்டுக்காரரோடு வீடியோ காலில் பேசாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.