அலை உயரமா, படகுக் குறியீடா, கள்ளக்கடல் அறிவிப்பா?

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், நீரோடியிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை கடலுக்குப் போகிறவர்களுக்குக் கணினிக் கணிப்பு இன்று மூன்று உருவில் வருகிறது: அலை உயரம், படகுக் குறியீடு, கள்ளக்கடல் (தொலைதூரப் புயலால் எழுந்து, உள்ளூரில் காற்றில்லாமலே கரைக்கு வரும் நெடிய அலை) அறிவிப்பு. மூன்றும் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம்) தருபவைதான். ஆனால் ஒவ்வொன்றும் வேறு ஆபத்தைச் சொல்கிறது.

பலரும் பார்ப்பது அலை உயரத்தை. '2 மீட்டர்' என்றால் எல்லா அலையும் 2 மீட்டர் என்று பொருளல்ல. எல்லா அலைகளிலும் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி பார்த்த அளவு அது. நடுவே ஒரு தனி அலை கிட்டத்தட்ட 4 மீட்டருக்கும் எழலாம். இதைவிடப் பெரிய குறை, அந்த எண் அலையின் சரிவைச் சொல்லாது. ஆழ்கடலில் இரு முகடுகளுக்கு இடைப்பட்ட நீளம் மீட்டரில் வேண்டுமானால், ஒரு முகடு வந்து அடுத்தது வரும் விநாடிகளை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை 1.56 ஆல் பெருக்க வேண்டும். 5 விநாடி அலைக்கு 39 மீட்டர். 14 விநாடி அலைக்கு 306 மீட்டர். இரண்டும் 2 மீட்டர் உயரம்தான். ஆனால் முதலாவது வள்ளத்தின் மூக்கில் செங்குத்தாக வந்து அறையும், இரண்டாவது படகை மெல்லத் தூக்கி இறக்கிவிட்டுப் போகும்.

இந்தக் குறையை நிரப்பத்தான் 2020-இல் சிறு படகுகளுக்கான அறிவிப்பும் அதன் பாதுகாப்புக் குறியீடும் வந்தன. உயரத்தோடு சரிவு, அலைகள் எத்தனை திசையிலிருந்து வருகின்றன, காற்று எவ்வளவு விரைவில் வலுக்கிறது என்பனவற்றையும் சேர்த்து, படகு கவிழக்கூடிய பகுதிகளை 10 நாள் முன்கூட்டிக் காட்டுகிறது. கணக்கு படகின் அகலத்தை வைத்தது. 7 மீட்டர் அகலம் வரையுள்ள படகுகளுக்குப் பொருந்தும். குறுகலான பைபர் வள்ளத்துக்கும் விசைப்படகுக்கும் ஒரே கடல் ஒரே ஆபத்து அல்ல. தென்மேற்குப் பருவத்தில் காற்றலை ஒரு பக்கமும் தெற்கத்திய நெடிய அலை மறு பக்கமும் மோதும் நாளில், உயரத்தை மட்டும் பார்ப்பவரைவிட குறியீட்டைப் பார்ப்பவர் பிழைப்பார். ஆனால் மேல்தட்டில் ஐஸும் மீனும் எவ்வளவு ஏற்றியிருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. பாரம் மேலே ஏற ஏற, குறியீடு சொல்வதைவிடச் சீக்கிரம் படகு சாயும்.

குறியீடு ஆபத்தில்லை என்று காட்டினாலும் துறைமுக வாயிலை நம்பக் கூடாது. தேங்காய்ப்பட்டணத்திலும் கேரளத்து முதலப்பொழியிலும் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போனது நடுக்கடலில் அல்ல, முகத்துவாரத்தில். அலையின் உயரம் தண்ணீர் ஆழத்தில் முக்கால் பங்கைத் தாண்டினால் அது உடையும். மணல் மேடிட்டு ஆழம் 2 மீட்டராகக் குறைந்த இடத்தில் ஒன்றரை மீட்டர் அலையே போதும். அதுவும் நடுக்கடலில் சாதுவாக இருந்த நெடிய அலை, ஆழம் குறையும்போதுதான் எழும்பிக் கொந்தளிக்கும். கள்ளக்கடல் அறிவிப்பின் அருமை இங்கேதான். 18 விநாடி அலைக்கூட்டம் நாளுக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் நகரும். தென் அட்சரேகை 40 பாகைக்கு அப்பால் வீசிய புயலின் அலை இங்கே வந்துசேர நான்கு நாளுக்கு மேல் ஆகும். அதனால் முன்கூட்டிச் சொல்ல முடிகிறது. உள்ளூரில் காற்றே இல்லை, வானம் தெளிவு என்று பார்த்து வள்ளத்தை வாயிலில் விடுகிறவர்தான் மாட்டுகிறார்.

ஆகவே கரையோர வள்ளத்துக்குக் கள்ளக்கடல் அறிவிப்பு முதலில், குறியீடு அடுத்து. தங்கல் (பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் மீன்பிடி) போகும் தூத்தூர்ப் பக்கத்துப் படகுகளுக்கு வரிசை தலைகீழ். அவர்களுக்கு இன்னொரு சிக்கல், 10 நாள் கணிப்பைப் பார்த்துவிட்டு 30 நாள் தங்கலுக்குப் புறப்படுவது. செல்போன் சிக்னல் கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டரோடு சரி, படகிலுள்ள விஎச்எஃப் வானொலிக் கருவியும் அதிக தூரம் எட்டாது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயலானபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. 2019-இல் வந்த ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழியே அறிவிப்பைப் பெற்று புளூடூத்தில் போனுக்குத் தள்ளும், ஆனால் ஒருவழிதான். பதில் அனுப்ப வேண்டுமென்றால் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பவும் பெறவும் கூடிய இருவழி டிரான்ஸ்பாண்டர் கருவி வேண்டும். ஜெமினி வைத்திருப்பவர்கள் அதன் செயலியைக் கரையிலேயே இரண்டு போன்களில் ஏற்றி, துறைமுகத்தை விடுவதற்கு முன் கருவியோடு இணைத்துப் பார்த்துவிட வேண்டும். நடுக்கடலில் செயலியைப் பதிவிறக்க முடியாது.